குமுதினியின் குழந்தைகளும் திகில் திரைப்படமும்

போர்க்காலத்தில் அகப்பட்டுக்கொண்ட சிறுவர்களை மையப் பாத்திரங்களாக்கித் திகில் படம் எடுப்பது உலகத் திரையுலகில் இன்று ஒரு தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டது. இருண்ட வீடு, வெளியே சப்பாத்துச் சத்தம், கட்டிலுக்கடியில் மூச்சையடக்கிக் கிடக்கும் பிள்ளை, யார் தப்புவார் யார் தப்பார் என்ற பதைப்பு. இவ்வளவும் இருந்தால் ஒன்றரை மணி நேரம் பார்வையாளரை நாற்காலியின் நுனியிலேயே இருத்திவிடலாம். யாழ்ப்பாணத்திலும் குறும்படம் எடுக்கும் இளைஞர் கூட்டமொன்று கடந்த பல ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. அவர்களிற் சிலருக்கு இவ்வகைப் படங்களின் மீது தனி மோகம் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த மோகம் கமராவையும் தூக்கிக்கொண்டு பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்துக்குள் வரும்போது சில விடயங்களை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் ஏன் தீவகத்துக்கு வருகிறார்கள் என்பது விளங்கக்கூடியதே. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் கூரையிழந்த வீடுகள் நிறைய இருக்கின்றன. சுவரைப் பிளந்துகொண்டு ஆல் வளர்ந்திருக்கும். முற்றத்தில் கிணறு தூர்ந்து கிடக்கும். நெடுந்தீவுக்குப் போனால் முருகைக்கல் வேலிகளும் குதிரைகளும் பெருக்க மரமும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளும் எவ்வித அலங்காரமுமின்றியே ஒரு பேய்ப்படத்தின் பின்னணியாகிவிடும். இவற்றையெல்லாம் செயற்கையாகக் கட்டுவதென்றால் தென்னிந்தியத் தயாரிப்பாளருக்குப் பெருந்தொகை வேண்டும். இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் அந்த வீடுகள் பேய் குடியேறியதால் பாழானவை அல்ல. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளை அடுத்துத் தீவக மக்கள் பெரும் எண்ணிக்கையில் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனார்கள். அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் உறுதி இருக்கிறது. உறுதிக்காரர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ லண்டனிலோ இருக்கிறார், அல்லது இறந்துபோய்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டை விட்டு அவர்கள் வெளியேறியதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, காரணமான மனிதர்கள் இருக்கிறார்கள். நாளும் காரணமும் காரணமானவர்களும் அழிக்கப்பட்டு வெறும் 'பாழடைந்த வீடு' மட்டும் திரையில் எஞ்சும்போது நமது வரலாறு ஒரு தட்டிப் படமாகிவிடுகிறது.

எனது கருத்தைச் சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். திகில் படத்தில் பிள்ளையின் அச்சம் ஒரு விற்பனைப் பண்டம். தீவகத்தில் பிள்ளையின் அச்சம் ஒரு சாட்சியம். இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதிப் படமெடுப்பவர், தாம் அறியாமலே குற்றவாளிக்கு உதவி செய்கிறார். காரணம் எளியது. பேய்க்கு எதிராக யாரும் வழக்குத் தொடர்வதில்லை.

குமுதினியை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவு மக்களுக்குக் குமுதினி என்பது ஒரு படகின் பெயர் மட்டுமன்று. 1985 மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவான் நோக்கிப் புறப்பட்ட அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தர், வியாபாரிகள், பட்டணத்தில் அலுவல் இருந்தவர்கள், பிள்ளைகளோடு பயணித்த தாய்மார் என வழக்கமான பயணிகள்தான் அதில் இருந்தார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்பதே உயிர்தப்பியோரின் வாக்குமூலம். பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். சர்வதேச மன்னிப்புச் சபை உயிர்தப்பியவர்களின் கூற்றுகளைப் பதிவு செய்து, குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகக் கூறியது. தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் எண்ணிக்கை 36. அவர்களுள் கைக்குழந்தையும் உண்டு. உடல்களின் நடுவே இறந்தவர்போலக் கிடந்து தப்பியவர்களும் உண்டு. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இக்கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

பின்னர் குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் சேவையில் விடப்பட்டது. பல ஆண்டுகளாக நெடுந்தீவு மக்கள் அதே படகில் ஏறித்தான் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரிக்கும் போய் வந்தார்கள். தாயை அந்தப் படகின் தளத்தில் பறிகொடுத்தவர்களும் அதே தளத்தில் உட்கார்ந்துதான் கடல் கடந்தார்கள், ஏனென்றால் வேறு வழி இருக்கவில்லை. எந்தத் திகில் கதாசிரியரும் இப்படியொரு காட்சியை எழுதமாட்டார். அவருடைய இலக்கணப்படி, உயிர்தப்பிய பிள்ளை கரையேறியதும் படம் முடிந்துவிட வேண்டும். நம்முடைய கதை அங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் அந்தப் பிள்ளை யார் வீட்டில் படுத்தது, எந்த வயதில் மீண்டும் படகில் ஏறியது, கடல் நடுவே இன்னொரு இயந்திரச் சத்தம் கேட்டபோது யாருடைய கையைப் பிடித்தது என்பவையே நமக்கு வேண்டிய கேள்விகள்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். குமுதினிப் படுகொலை நடந்து இரண்டு மாதத்தின் பின், 1985 ஜூலையில், மொஸ்கோ திரைப்பட விழாவில் எலெம் கிளிமோவ் என்ற இயக்குநரின் 'வந்து பார்' என்ற படம் திரையிடப்பட்டுப் பரிசு பெற்றது. நாஜிப் படைகள் பெலாரஸ் நாட்டின் கிராமங்களை மக்களோடு எரித்த காலத்தை ஒரு பதின்வயதுச் சிறுவனின் கண்ணால் காட்டும் படம் அது. போரையும் பிள்ளையையும் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் இதைவிட அச்சமூட்டும் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? திரைக்கதையை இணைந்து எழுதிய அலெஸ் அதமோவிச் சிறுவயதில் தாமே கெரில்லாப் போராளிகளோடு இருந்தவர். 1970களில் வேறு இரு எழுத்தாளர்களோடு சேர்ந்து கிராமம் கிராமமாகச் சென்று, எரிந்த ஊர்களில் எஞ்சியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து நூலாக்கியவர். கிளிமோவும் ஸ்டாலின்கிராட் எரிந்தபோது தாயோடு வொல்கா நதியைக் கடந்த சிறுவன். படத்தின் இறுதியில் 628 கிராமங்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்ற எண்ணிக்கை எழுத்தில் வருகிறது. அதாவது படம் பதிவிலிருந்து புறப்பட்டுப் பதிவிலேயே முடிகிறது. இடையில் நாம் அனுபவிக்கும் திகில், அந்தப் பதிவை நம் மனத்தில் இறக்குவதற்கான வழி மட்டுமே.

ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை' 1988இல் வந்த சித்திரப்படம். அண்ணனும் தங்கையும் குண்டுவீச்சில் தாயை இழந்து, பட்டினியால் மெல்ல மெல்ல அழிந்துபோவதே கதை. மூலக் கதையை எழுதிய அகியுகி நொசாகா போர்க்காலத்தில் தம் சிறிய தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். தகஹாதா ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்துக் குண்டுவீச்சில் உயிர்தப்பியவர். அப்படம் தொடங்கும்போதே சிறுவன் இறக்கும் நாளைச் சொல்லிவிடுகிறது. தப்புவானா மாட்டானா என்ற பதைப்பை, திகில் படத்தின் மூலதனத்தையே, முதல் நிமிடத்தில் தூக்கி எறிந்துவிட்டார்கள். அதனால் நாம் வேறொன்றைப் பார்க்க வேண்டியவர்களாகிறோம். யார் சோறு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, உறவுக்காரப் பெண்ணின் முகம் எப்போது மாறியது. 1995இன் வலிகாம இடப்பெயர்வில் பிறர் வீட்டுத் திண்ணையில் படுத்த எவருக்கும் இந்த முகமாற்றம் புதிதல்ல.

அப்படியானால் பேயே வரக்கூடாதா என்று கேட்கலாம். வரலாம். கியர்மோ டெல் டோரோவின் 'சாத்தானின் முதுகெலும்பு' 2001இல் வந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்கால அநாதை இல்லம் ஒன்றில் ஒரு சிறுவனின் ஆவி உலாவுகிறது. முற்றத்தில் வெடிக்காத குண்டொன்று குத்தி நிற்கிறது. ஆனால் அந்த ஆவி பயமுறுத்த வந்ததன்று, தன்னைக் கொன்றவன் யாரென்று காட்ட வந்தது. கொன்றவன் அந்த இல்லத்திலேயே வேலை செய்யும் ஒரு மனிதன். 2016இல் பாபக் அன்வரி எடுத்த 'நிழலின் கீழ்' என்ற படம் 1988இன் தெஹ்ரான் நகரத்தில், ஈராக்கின் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நடக்கிறது. சிறுமியின் பொம்மை காணாமற்போகிறது, ஏதோவொரு தீய ஆவி வீட்டுக்குள் புகுந்துவிட்டதாகப் பிள்ளை நம்புகிறாள். அங்கேயும் ஏவுகணைக்கும் நகரத்துக்கும் ஆண்டுக்கும் பெயர் உண்டு. ஆகவே வகையில் குற்றமில்லை. ஆவி சாட்சி சொல்ல வருகிறதா, சாட்சியை மறைக்க வருகிறதா என்பதே கேள்வி.

நமது திரைக்கு வருவோம். 2002இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' தமிழகத்து வீடுகளுக்கு ஈழத்துப் பிள்ளையின் துயரை அறிமுகம் செய்த படம். அதன் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அதன் பிள்ளை சென்னையில் வளர்ந்து, போரைப் பார்க்கப் போகும் பிள்ளை. போருக்குள்ளேயே பல்லு விழுந்து பல்லு முளைத்த பிள்ளை அல்ல.

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்' தீவகத்தோடு நேரடித் தொடர்புடையது. தலைமைப் பாத்திரத்தில் நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி அல்லைப்பிட்டிக்காரர். பதின்வயதில் இயக்கத்தில் இருந்து விலகியவர். அப்படத்தின் தொடக்கத்தில், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுக்குப் பொருந்தும் வயதில் ஒரு பிள்ளையை முகாமுக்குள் ஒரு பெண் தேடித் திரிகிறாள். யாருடைய பிள்ளை என்பது முக்கியமன்று, ஒன்பது வயதாக இருந்தாற் போதும். ஒரு பிள்ளை ஆவணமாக மாறும் அந்தச் சில நிமிடங்கள் எந்தப் பேய்ப்படத்தையும்விட என்னை நடுங்க வைத்தன. ஆனால் அதே படம் முடிவில் பாரிஸ் புறநகரத்தில் துப்பாக்கிச் சண்டையாக மாறுகிறது. பிள்ளையின் கதை பின்தள்ளப்பட்டு ஆணின் வீரம் முன்வந்துவிடுகிறது. பரிசு பெற்ற படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடவேண்டியதில்லை.

சரி, பிள்ளைகள் உண்மையில் எதை அறிந்திருந்தார்கள்? அதை அறியாமல் அவர்களைப் பற்றிப் படமெடுக்க முடியாது. எமது பிள்ளைகளுக்குச் சத்தங்கள் தெரியும். ஷெல் குத்தும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில் எண்ணத் தெரியும். ஹெலிகொப்டர் எது, சியாமாசெட்டி எது, பொம்பர் எது என்று கண்ணால் பார்க்காமலே சொல்லுவார்கள். பதுங்குகுழிக்குள் போகும்போது பாம்பு பார்க்க வேண்டும், மழைக்காலத்தில் தண்ணீர் இறைக்க வேண்டும், தம்பியின் வாயைப் பொத்த வேண்டும், ஆனால் மூக்கைப் பொத்தக் கூடாது என்று தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்து உயர்தரத்தில் தேறியவர்கள் இன்று மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்க வைத்ததும் பிள்ளைகளே.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திகில் படத்துப் பிள்ளை அலறும். போர்க்காலத்துப் பிள்ளை அலறாது. அலறினால் ஆபத்து என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மௌனத்தைப் பிள்ளை பெரியவனானதும் கைவிடுவதில்லை. இன்று ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் அந்த நாட்களைப் பற்றித் தம் மனைவியரிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ ஒரு சொல்லும் சொன்னதில்லை. நிருபராகப் பல வீட்டுப் படலைகளைத் திறந்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். கேட்டால் தேநீர் வரும், ஊர்ப் புதினம் வரும், அந்த நாள் மட்டும் வராது. படத்தில் வைக்கப்படும் அலறல் பார்வையாளருக்காக வைக்கப்படுவது. மௌனத்தைப் படமெடுப்பது கடினம். ஆனால் அதுதான் உண்மை.

2006க்கு வருவோம். அவ்வாண்டு மே 13ஆம் திகதி இரவு ஊர்காவற்றுறைத் தீவில் வெவ்வேறு இடங்களில் 13 பொதுமக்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அல்லைப்பிட்டியில் ஒரே வீட்டில் இறந்தவர்களுள் நான்கு மாதக் குழந்தையும் நான்கு வயதுச் சிறுவனும் இருந்தார்கள். கடற்படையினரும் அவர்களோடு இயங்கிய ஆயுததாரிகளும் அவ்விடத்தில் இருந்ததாக நம்பத்தகுந்த தகவல்கள் கிடைத்திருப்பதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை அப்போது தெரிவித்தது. படைத்தரப்பு மறுத்தது. மூன்று மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது அல்லைப்பிட்டி மக்கள் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அங்கேயும் எறிகணைகள் விழுந்து பலர் மாண்டனர். காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஆகஸ்ட் 20ஆம் திகதி இன்னொருவரோடு காணாமற்போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை.

அல்லைப்பிட்டி வீட்டுக்குள் அந்த இரவில் நடந்ததைத் திகில் படக்காரர் ஒருவர் எப்படி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். கதவு இடைவெளியால் கமரா நகரும். குழந்தையின் தொட்டில் ஆடும். வெளிச்சம் அணையும். நான்கு மாதக் குழந்தையின் சாவை 'அதிர்ச்சிக் காட்சி' என்று முன்னோட்டத்தில் வைப்பார். அந்தக் குடும்பத்தின் உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் அதைத் தொலைபேசியில் தற்செயலாகப் பார்க்க நேரும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நேர்மைக்காக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்பவன் எல்லாப் பெயரையும் சொல்லவேண்டும். குமுதினிக்கு முதல் நாள், 1985 மே 14ஆம் திகதி, அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பொதுமக்களைச் சுட்டுக்கொன்றனர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டபோது அவர்களின் பிள்ளைகளும் புத்தகப் பையை வைத்துவிட்டுத்தான் போனார்கள். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட துயரை, தன் நாயைப் பிரிய மறுக்கும் ஒரு முஸ்லிம் சிறுவனின் வழியாக, பிரசன்ன விதானகே 2003இல் 'இர மெதியம' என்ற சிங்களப் படத்தில் காட்டினார். தமிழில் நாம் காட்டவில்லை. போரின் பிற்பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளை இரவில் வீடு தேடி வந்து கூட்டிப்போனவர்கள் தமிழ் பேசியவர்களே. யுனிசெப் நிறுவனம் ஆயிரக்கணக்கான சிறுவர்களின் விபரங்களைப் பதிவு செய்தது. பதுங்குகுழிக்குள் பிள்ளை ஒளிந்திருந்தது சில இரவுகளில் விமானத்துக்குப் பயந்து, சில இரவுகளில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து. திகில் படத்தின் 'உருவமற்ற தீமை' இவ்விரண்டு தரப்புக்குமே வசதியானது. முகம் காட்டத் தேவையில்லை அல்லவா?

இனி, செம்மணி. 2025ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. ஒரு சிறுபிள்ளையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன. அந்தப் பையின் படத்தைப் பார்த்து உலகெங்கும் தமிழர்கள் அழுதார்கள். அந்தப் பை திகில் படத்தில் வந்திருந்தால் கலை இயக்குநர் வைத்த ஒரு பொருள். மண்ணிலிருந்து வந்தபோது அது இலக்கமிடப்பட்டு, படமெடுக்கப்பட்டு, நீதவானின் பொறுப்பில் வைக்கப்பட்ட சான்று. இந்த வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் எமது இளம் இயக்குநர்களுக்கு வேறு இலக்கணம் தேவையில்லை. தாம் சட்டகத்துக்குள் வைக்கும் ஒவ்வொன்றையும் 'இது பொருளா, சான்றா?' என்று கேட்டுக்கொண்டாற் போதும்.

இளைஞர் தரப்பு வாதத்தையும் நான் கேட்டிருக்கிறேன். "ஐயா, ஆவணப்படம் எடுத்தால் நினைவு நாளுக்கு வரும் ஐம்பது பேர்தான் பார்ப்பினம். திகில் எண்டால் கொரியாவிலை இருக்கிறவனும் பார்ப்பான். பார்த்தால்தானே கேள்வி கேப்பான்?" இது தட்டிக் கழிக்கக்கூடிய வாதமன்று. ஆனால் பார்த்தவர் என்ன கேட்பார் என்பது படம் எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. 'வந்து பார்' படத்தைப் பார்த்தவர் பெலாரஸ் என்ற நாட்டையும் 628 என்ற எண்ணையும் அறிந்துகொண்டே எழுகிறார். பெயரில்லாத் தீவொன்றில், பெயரில்லாப் போரில், பெயரில்லாத் தீய சக்தியிடமிருந்து தப்பும் பிள்ளையைப் பார்த்தவர் என்ன அறிந்துகொண்டு எழுவார்? அடுத்த படத்தைத் தேடுவார், அவ்வளவுதான்.

நடிக்கும் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'வந்து பார்' படத்தை இவ்வளவு புகழ்ந்த நானே சொல்கிறேன், அப்படத்தில் உண்மைத் தோட்டாக்கள் பயன்படுத்தப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. எந்தக் கலைக்காகவும் அது ஏற்கத்தக்கதன்று. இங்கே நிலைமை இன்னும் நுட்பமானது. ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு பத்து வயதுப் பிள்ளையை நடிக்கக் கூட்டிவந்தால், அப்பிள்ளையின் தாயே 1990களின் பிள்ளை. படப்பிடிப்பில் வெடிக்கும் பட்டாசு பிள்ளைக்கு விளையாட்டு, ஓரமாக நிற்கும் தாய்க்கு அது விளையாட்டன்று. கமராவுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தாயை நினைத்துப் பார்க்காத இயக்குநர், கமராவுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையைப் பற்றி எதை விளங்கிக்கொண்டிருப்பார்?

ஆகவே என் வேண்டுகோள் நடைமுறைக்குரியது. குமுதினியில் பிள்ளைகளாக இருந்து தப்பியவர்களும், அன்று தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளும் இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். அன்று பெரியவர்களாக இருந்த சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். திரைக்கதை எழுதுவதற்கு முன்னர் அவர்களிடம் போங்கள். ஒருநாள் போய்க் கேட்டுவிட்டு வராதீர்கள். நெடுந்தீவுப் படகு கடல் குழம்பினால் திரும்பாது, ஆகவே தங்குவதற்கு ஆயத்தமாகப் போங்கள். அவர்கள் பேச விரும்பினால் முழுதாகப் பதிவு செய்யுங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். பதிவின் ஒரு பிரதி அவர்களிடம் இருக்கட்டும், இன்னொரு பிரதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் போன்ற பொது இடத்தில் இருக்கட்டும். உங்கள் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பதிவு நிலைக்கும். என்றோ ஒருநாள் ஒரு நீதிமன்றம் கேட்குமானால் அதற்கும் உதவும். கேட்காவிட்டாலும் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

அதற்குப் பிறகு படமெடுங்கள். திகிலாகவே எடுங்கள். ஆவி வரவேண்டுமென்றால் வரட்டும். ஆனால் அந்தப் படகுக்குக் குமுதினி என்றே பெயர் இருக்கட்டும். நாள் 1985 மே 15 என்றே இருக்கட்டும். படகில் ஏறியவர்களுக்கு முகம் இருக்கட்டும். உயிர்தப்பிய பிள்ளை கரையேறிய பின்னும் கமரா அணையாதிருக்கட்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே துறையில் அதே படகுக்காகக் காத்து நிற்கும் நாள் வரைக்கும் அது ஓடட்டும்.